இணைநோய் என்னும் தீர்ப்பு

2020 ஆம் ஆண்டின் கோடையில், தமிழ்நாட்டில் நாளிதழ் வாசிக்கும் அனைவருக்கும் ஒரு புதிய சொல் பழக்கமாயிற்று. அதுவரை மருத்துவர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் புழங்கிவந்த கலைச்சொல் ஒன்று, ‘இணைநோய்’ என்ற அழகிய தமிழ் வடிவில் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்து சேர்ந்தது. கலைச்சொல்லாக்கத்தில் நம்முடைய பல்கலைக்கழகங்கள் பல பத்தாண்டுகள் முயன்றும் எட்டாத வெற்றியை ஒரு வைரஸ் மூன்றே மாதங்களில் சாதித்துக் காட்டியது. சொல் பரவியதில் எனக்கு மனக்குறை ஏதுமில்லை. பரவிய பிறகு அது செய்த வேலையைப் பற்றியே என் வழக்கு.

அந்நாட்களில் ஒவ்வொரு மாலையும் மாநில சுகாதாரத் துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. நோயுற்றோர், குணமடைந்தோர், சோதனைகள் என்று பக்கம் பக்கமாக எண்கள். கடைசிப் பக்கங்களில் அன்று பதிவான மரணங்கள். ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரேயொரு நீண்ட வாக்கியம்: இத்தனை வயதுடைய ஆண், இன்ன மாவட்டம், நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர், இத்தனை நாள் காய்ச்சல், இத்தனை நாள் மூச்சுத்திணறல், இன்ன தேதியில் அனுமதி, இன்ன தேதியில் கோவிட் நிமோனியாவாலும் மூச்சுச் செயலிழப்பாலும் மரணம். பெயர் கிடையாது. தொழில் கிடையாது. அவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, இணைநோய் உள்ளவர்கள் இத்தனை பேர், இல்லாதவர்கள் இத்தனை பேர் என்று ஒரு கணக்கும் உண்டு. செய்தி வாசிப்பாளர்கள் அந்தக் கணக்கைத் தவறாமல் வாசித்தார்கள்.

அந்த வாக்கியங்களை நாம் எப்படி வாசித்தோம் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளலாம். முதலில் வயது. அடுத்து நோய்ப் பட்டியல். “சர்க்கரை இருந்திருக்கு” என்று ஒரு பெருமூச்சு. அதோடு அந்த மரணம் விளக்கப்பட்டுவிட்டது. விளக்கப்பட்ட மரணம் நம்மிடமிருந்து ஒரு முழம் விலகி நின்றது. எஞ்சிய வாக்கியத்தை, அதாவது காய்ச்சல் எத்தனை நாள், மூச்சுத்திணறல் எத்தனை நாள், சேர்ந்த தேதிக்கும் இறந்த தேதிக்கும் இடைவெளி என்ன என்பதையெல்லாம் நம்மில் அநேகமாக எவரும் வாசிக்கவில்லை. ஒரு கவிதையில் ஒற்றைச் சொல் இடம் மாறியிருந்தால் மூன்று வாரம் விவாதிக்கக்கூடிய நாம்தான் இப்படி வாசித்தோம்.

இதை இப்போது கிளறுவதற்குக் காரணம் உண்டு. அந்த அவசர வாசிப்பு காலப்போக்கில் கெட்டிப்பட்டு ஒரு கோட்பாடாகவே ஆகிவிட்டது. நன்கு படித்தவர்களும், இலக்கியக் கூட்டங்களில் சந்திக்க நேரும் நண்பர்களும் இன்று மிகுந்த நிதானத்தோடு சொல்கிறார்கள்: கொரோனாவால் மட்டும் இறந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்? எல்லாம் ஏற்கெனவே நோயாளிகள். சற்று முன்பின்னாகப் போயிருப்பார்கள், அவ்வளவுதான். இப்படிச் சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். வீட்டில் மாமியாருக்கு வேளாவேளைக்கு இன்சுலின் போடுகிறவர்களே இதைச் சொல்கிறார்கள். அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தச் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். யேல் பல்கலைக்கழகத்தின் ஆல்வன் ஃபைன்ஸ்டைன் என்ற மருத்துவ அறிஞர் 1970 இல் இக்கருத்தை ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அவருடைய கவலை சிகிச்சையைப் பற்றியது. ஒரே நோயுள்ள இரு குழுவினருக்கு இருவேறு சிகிச்சை தந்து ஒப்பிடும்போது, ஒரு குழுவில் வேறு நோய்களும் உள்ளவர்கள் மிகுந்திருந்தால் ஒப்பீடு பொய்த்துவிடும். ஆகவே கூடவே இருக்கும் நோய்களையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்றார். சிகிச்சையை நேர்மையாக எடைபோடுவதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே கருவி சிகிச்சையைப் பற்றிய கேள்வியே எழாதபடி பார்த்துக்கொள்ளும் காவலாளியாகிவிட்டது. சொற்களுக்கு நேரும் கதிகளில் இது சற்று விசேஷமானது.

மருத்துவமனையில் இறந்தவர்களின் இயல்புகளை விவரிக்கும் ஆய்வுகள் 2020 மார்ச்சிலேயே வரத் தொடங்கின. வூஹான் நகரத்தின் தோங்ஜி மருத்துவமனை, இறந்த 113 பேரையும் குணமடைந்த 161 பேரையும் அருகருகே வைத்துப் பார்த்தது. இறந்தவர்களின் இடைநிலை வயது 68, பிழைத்தவர்களுடையது 51. இறந்தவர்களில் ஆண்கள் 73 விழுக்காடு, பிழைத்தவர்களில் 55. நாட்பட்ட இரத்த அழுத்தம் இறந்தவர்களில் 48 விழுக்காட்டினருக்கு, பிழைத்தவர்களில் 24 விழுக்காட்டினருக்கு. இது முறையான ஆய்வு. பிழைத்தவர் என்ற ஒப்பீட்டுக் குழு அதில் இருக்கிறது என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொள்வோம்.

அதே மாதம் இத்தாலியின் தேசிய சுகாதார நிறுவனம் இறந்தவர்களில் 355 பேருடைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்தது. இறந்தவர்களின் சராசரி வயது 79.5. ஒருவருக்குச் சராசரியாக 2.7 பிற நோய்கள். எந்த நோயும் இல்லாதிருந்தவர்கள் மூன்றே பேர், அதாவது 0.8 விழுக்காடு. அடுத்த சில நாட்களில் இது, ‘இத்தாலியில் இறந்தவர்களில் 99 விழுக்காட்டினர் ஏற்கெனவே நோயாளிகள்’ என்ற தலைப்புச் செய்தியாக உலகைச் சுற்றிவந்தது. நம் நண்பர்களின் கோட்பாடு பிறந்த இடம் அநேகமாக இதுதான்.

எண் பிழையில்லை. அதைக் கேட்ட விதத்தில்தான் பிழை. எண்பது வயதை நெருங்கும் நூறு பேரைத் தெருவிலிருந்து அழைத்துவந்து சோதித்தாலும், எந்த நோயும் இல்லாதவர்கள் ஒரு சிலரே தேறுவார்கள். சென்னையில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சோறு உண்பவர்கள் என்று ஓர் ஆய்வு வந்தால் சோற்றைக் கொலைகாரன் என்போமா? சோறு உண்டு பிழைத்திருப்பவர் எத்தனை பேர் என்று கேட்போம். அந்த எளிய கேள்வியை இணைநோயிடம் மட்டும் நாம் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023 இல் வெளியான நீரிழிவு ஆய்வு, இருபது வயதுக்கு மேற்பட்டோரைக் கணக்கிட்டது. நீரிழிவு உள்ளவர்கள் இந்தியா முழுவதும் 11.4 விழுக்காடு, ஏறத்தாழ பத்து கோடிப் பேர். தமிழ்நாட்டில் 14.4 விழுக்காடு. உயர் இரத்த அழுத்தம் நாடு முழுவதும் 35.5 விழுக்காட்டினருக்கு. இது இருபது வயது இளைஞரையும் சேர்த்த கணக்கு. ஐம்பதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்தால் இன்னும் ஏறும். ஆக, ‘இணைநோய் உள்ள நடுவயதுக்காரர்’ என்பதற்கு நடைமுறையில் ‘தமிழ்நாட்டில் வசிக்கும் நடுவயதுக்காரர்’ என்பதைவிட அதிகமாகப் பொருள் சொல்ல முடியாது. அவர் காலையில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு பேருந்தில் வேலைக்குப் போய்வந்தவர். பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தவர். இன்னும் இருபது ஆண்டுகள் அந்த மாத்திரையோடு வாழ்ந்திருக்கக்கூடியவர். சாவின் விளிம்பில் நின்றிருந்தவரை வைரஸ் லேசாகத் தொட்டது என்ற சித்திரம் இவருக்குப் பொருந்தாது.

நீரிழிவு ஆபத்தைக் கூட்டவில்லை என்று நான் வாதிடுவதாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட்டுகிறது. முதுமை அதைவிடப் பன்மடங்கு கூட்டுகிறது. வூஹானின் 48க்கும் 24க்கும் உள்ள தூரத்தில் வயதுக்கும் பங்கு உண்டு. ஆனால் எல்லாமே வயது அல்ல. இந்த அறிவு உயிர்களைக் காத்தும் இருக்கிறது. 2021 மார்ச் 1 முதல் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும், நாற்பத்தைந்துக்கு மேற்பட்ட இணைநோயாளிகளுக்கும் முதலில் தடுப்பூசி என்று முடிவானது இதே பட்டியலை வைத்துத்தான். உயிரோடிருப்பவரிடம் ‘உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாளே வந்துவிடுங்கள்’ என்று சொல்ல அந்தச் சொல் பயன்படுமானால் அதைவிட நல்ல சொல் கிடையாது. இறந்தவரின் தலைமாட்டில் நின்று ‘உங்களுக்குச் சர்க்கரை இருந்தது’ என்று சொல்ல அது பயன்படும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. எச்சரிக்கையாக இருந்தது தீர்ப்பாகிவிடுகிறது. அதிலும் குற்றவாளி இறந்தவரே.

நம்முடைய ஊர் மரணங்களைப் பற்றிய நம்பகமான ஆய்வு ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் தொற்றின் தொடக்க மாதங்களில் திரட்டப்பட்ட விவரங்களை வைத்து, இரு மாநில அதிகாரிகளும் பங்கேற்ற குழு ஒன்று எழுதி, ‘சயன்ஸ்’ இதழில் 2020 இலேயே வெளியானது. சுமார் 85 ஆயிரம் நோயாளிகளும் அவர்களோடு தொடர்பிலிருந்த ஐந்தே முக்கால் இலட்சம் பேரும் அதில் பின்தொடரப்பட்டார்கள். உலகமே கவனித்த ஆய்வு. நம் இலக்கிய இதழ்களில் அதைப் பற்றி ஒரு வரியைக் கண்டதாக எனக்கு நினைவில்லை. (ஊரடங்கின் தனிமையைப் பற்றி நாம் எழுதிக் குவித்த கவிதைகள் எவ்வளவு என்பது நினைவிருக்கிறது.)

அந்த ஆய்வின்படி, இறந்தவர்களில் ஓர் இணைநோயாவது இருந்தவர்கள் 63 விழுக்காடு. அப்படியானால் எஞ்சிய 37? மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் எந்த இணைநோயும் பதிவாகாமலேயே இறந்திருக்கிறார்கள். இத்தாலியின் 99ஐ வாய்ப்பாடுபோல ஒப்பிப்பவர்கள் உள்ளூரின் இந்த 37ஐ ஒருமுறைகூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்தது வயது. அமெரிக்காவில் இறந்தவர்களில் எழுபத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 58.1 விழுக்காடு. இந்த இரு மாநிலங்களில் 17.9. நம் நாட்டில் முதியவர்களின் விகிதம் குறைவு என்பது இதற்கு ஒரு பகுதி விளக்கம். விளக்கம் எதுவாயினும், ‘எப்படியும் போகிற வயதில் போனார்கள்’ என்ற வாக்கியம் இங்கே செல்லாது. இங்கே இறந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் அடுப்பெரியக் காரணமானவர்கள்.

மூன்றாவது விவரம் என்னை இன்றும் உறுத்துவது. அமெரிக்க மருத்துவமனைகளில், சேர்ந்த நாளிலிருந்து மரணம் வரை சென்ற காலம் ஏறக்குறைய இரண்டு வாரம். இங்கே ஐந்தாறு நாட்கள். அதே வைரஸ். நுரையீரலை அது சிதைக்க எடுத்துக்கொள்ளும் காலமும் ஏறத்தாழ ஒன்றுதான். இடையிலே காணாமல் போன அந்த ஒரு வாரம் எங்கே கழிந்தது? வீட்டில் கழிந்திருக்கிறது. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையோடும் கஷாயத்தோடும், ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்ற சொல்லோடும் கழிந்திருக்கிறது. வந்த பிறகு போதிய கவனிப்பு கிடைக்காமல் விரைந்து முடிந்தவையும் அதில் இருக்கக்கூடும். எப்படிப் பார்த்தாலும், இறந்தவர்களின் இயல்புகளைப் பட்டியலிடச் சொன்னால் நீரிழிவுக்குப் பக்கத்தில் இடம்பெற வேண்டியது தாமதம்.

தாமதத்தையும் உடனே இறந்தவரின் கணக்கில் எழுதிவிடும் சாமர்த்தியம் நமக்கு உண்டு. ‘ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை.’ விழிப்புணர்வு இருந்தது. நோய் உறுதியானால் வீட்டு வாசலில் தகரம் அடிப்பார்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தெரு முழுக்கத் தடுப்புக் கட்டப்படும், அடுத்த வீட்டுக்காரர் பிறகு முகம் கொடுத்துப் பேசமாட்டார், வீட்டு வேலைக்குப் போகும் மனைவியை நான்கு வீடுகளிலும் நிறுத்திவிடுவார்கள் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. தனியார் மருத்துவமனையில் படுக்கைக்கு முன் முன்பணம் கேட்பார்கள் என்பதும் தெரியும். போதாததற்கு இந்த நோய்க்கு ஒரு கள்ளத்தனம் இருந்தது: இரத்தத்தில் ஆக்சிஜன் அபாயகரமாகக் குறைந்த பிறகும் சிலருக்கு மூச்சுமுட்டல் தெரிவதில்லை. விரலில் மாட்டும் அந்தச் சிறிய கருவி வீட்டில் இருந்தவர் எண்ணைப் பார்த்துவிட்டு ஓடினார். இல்லாதவர், தனக்குப் பரவாயில்லை என்று நம்பிப் படுத்திருந்தார். கருவி இல்லாததை எந்த மருத்துவமனையும் இணைநோயாகப் பதிவதில்லை.

நான் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். இறந்தவரின் இயல்புகள் என்று நமக்குக் காட்டப்படுபவை, கேஸ் ஷீட்டில் கட்டம் போடப்பட்டிருந்த இயல்புகள். சர்க்கரை உண்டா, அழுத்தம் உண்டா, இதய நோய் உண்டா என்று கேட்கும் கட்டங்கள் உண்டு. ஓர் அறையில் எத்தனை பேர் படுத்தீர்கள், என்ன வேலைக்குப் போனீர்கள், எத்தனை மருத்துவமனைகளில் இடமில்லை என்று திருப்பியனுப்பப்பட்டீர்கள் என்று கேட்கக் கட்டம் கிடையாது. இரவுப் பணியில் அறுபது நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பயிற்சி மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தேவையானதை அவர் கேட்கிறார். அந்தக் கட்டங்களுக்கு வெளியே ஒரு மனிதன் இல்லை என்று எடுத்துக்கொள்கிற நம்மைத்தான் சொல்கிறேன்.

கட்டம் போட்டால் என்ன தெரியும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள். முதலாவது நூறாண்டுக்கு முந்தையது. 1918 இன் இன்ஃப்ளூயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதில் அதிகம் மடிந்தவர்கள் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட திடகாத்திரமான ஆண்களும் பெண்களும். இணைநோய் என்று சொல்லித் தப்பிக்க அந்த நோய் இடமே தரவில்லை. பம்பாய் நகரத்தின் சுகாதார அதிகாரி அந்த ஆண்டு சாவுகளைச் சமூகவாரியாகக் கணக்கிட்டார். ஆயிரம் பேருக்கு ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9.0, முஸ்லிம்கள் 19.2, சாதி இந்துக்கள் 18.9; ‘தாழ்ந்த சாதி’ இந்துக்கள் என்று அந்த அறிக்கை வகைப்படுத்தியவர்கள் 61.6. காலனிய அதிகாரிக்கு அவர்கள்மேல் பரிவு இருந்ததா என்பது வேறு விஷயம். ஆனால் அவருடைய அட்டவணையில் ஒரு பத்தி இருந்தது. அந்தப் பத்தி இருந்த காரணத்தால் எட்டுக்கும் அறுபத்தொன்றுக்கும் உள்ள தூரம் நூறாண்டு கழித்தும் நமக்குத் தெரிகிறது. நம்முடைய மாலை அறிக்கைகளிலோ எந்தத் தூரமும் தெரியவில்லை. எல்லோரும் நீரிழிவால் சமமாக்கப்பட்டிருந்தார்கள்.

இரண்டாவது உதாரணம் இங்கிலாந்து. அங்கே 1 கோடியே 72 இலட்சம் பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளை அவர்களில் நேர்ந்த 10,926 கோவிட் மரணங்களோடு இணைத்துப் பார்த்த ஆய்வு 2020 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. முதுமையும் நீரிழிவும் அதிலும் ஆபத்துகளாகவே வருகின்றன. ஆனால் அந்த நோய்களையெல்லாம் கணக்கில் கழித்த பிறகும், வறிய பகுதிகளில் வாழ்பவர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கும் ஆபத்து கணிசமாக எஞ்சி நின்றது. வறுமைக்கு அங்கே ஒரு பத்தி இருந்தது, வறுமை தெரிந்தது.

இதுவரை பேசியதெல்லாம் மருத்துவமனைக்குள் வந்து இறந்தவர்களைப் பற்றி. வராமலே இறந்தவர்களுக்கு இயல்புகளே கிடையாது. 2020 ஜூலை 22 அன்று தமிழக அரசு, அந்த ஆண்டு மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை சென்னையில் நேர்ந்து கணக்கில் வராதிருந்த 444 மரணங்களைப் பட்டியலில் சேர்த்தது. பத்திரிகைகள் எழுப்பிய கேள்வியின் பேரில் ஒரு குழு அமைத்து, மாநகராட்சிப் பதிவேடுகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் வெளிவந்த எண் அது. ஒரே நகரம், நூறு நாட்கள், மாநிலத்திலேயே மருத்துவ வசதி மிகுந்த இடம். நாடு முழுவதும் பதிவான மரணங்களில் மருத்துவரால் காரணம் சான்றளிக்கப்பட்டவை 2020 இல் நூற்றுக்கு இருபத்திரண்டு சொச்சம் மட்டுமே. உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டில், 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் வழக்கத்துக்கு மேலாக நேர்ந்த மரணங்கள் சுமார் 47 இலட்சம். அதே காலத்துக்கு அரசு சொன்ன கோவிட் மரணங்கள் ஐந்து இலட்சத்துக்கும் குறைவு. இந்திய அரசு அந்த மதிப்பீட்டின் கணித முறையை ஏற்கவில்லை. முறையைப் பற்றிய சர்ச்சை நடக்கட்டும். அரசு ஒப்புக்கொண்ட எண் முழுமையானதல்ல என்பதற்குச் சென்னையின் 444 ஒன்றே போதும்.

2021 மே மாதத்தில் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றன. உள்ளே படுக்கை காலியாகும்வரை நோயாளிகள் வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு காத்திருந்தார்கள். எல்லா நாளிதழ்களிலும் படம் வந்தது. அப்படி வரிசையில் காத்திருந்து பின் உள்ளே சென்று இறந்த ஒருவருடைய வாக்கியம் மறுநாள் அறிக்கையில் எப்படி இருந்திருக்கும்? வயது, பால், மாவட்டம், நீரிழிவு, மூச்சுச் செயலிழப்பு. வரிசையைச் சொல்ல அந்த வாக்கியத்தில் வினைச்சொல்லே கிடையாது.

இன்னொன்றும் பாக்கியிருக்கிறது. இணைநோய்தான் கொன்றது என்றால் அந்த நோயுள்ளவரின் பிழைக்கும் வாய்ப்பு எப்போதும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. 2020 ஜூன் மாதம் பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வுக் குழு, டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்து, வென்டிலேட்டரில் இருப்பவர்களின் மரணங்களை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் தேவைப்படுபவர்களின் மரணங்களை ஐந்தில் ஒரு பங்கும் குறைப்பதாக அறிவித்தது. ஏப்ரலில் வந்த நோயாளிக்கும் ஜூலையில் வந்த நோயாளிக்கும் அதே வயது, அதே சர்க்கரை, அதே அழுத்தம் இருக்கலாம். ஆனால் ஜூலையில் வந்தவர் வீடு திரும்பும் வாய்ப்பு கூடியிருந்தது. நடுவில் மாறியது மருத்துவம். ஆகவே மரணத்தின் காரணங்களில் ஒரு பங்கு எப்போதும் படுக்கைக்கு வெளியே, நாம் ஏதாவது செய்யக்கூடிய இடத்தில் இருக்கிறது. (அந்த மருந்தையே அடுத்த ஆண்டு அளவு தெரியாமல் வாரி வழங்கி, நீரிழிவுக்காரர்களின் கண்ணையும் தாடையையும் கறுப்புப் பூஞ்சைக்குக் கொடுத்த கதை தனியாக எழுதப்பட வேண்டியது.)

இதையெல்லாம் சொல்லத் துறைசார்ந்த அறிவு எனக்கு ஏது என்று கேட்கலாம். துறை என்ன சொல்கிறது என்றே பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே மாதம், கோவிட் மரணங்களைப் பதிவதற்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. இறப்புச் சான்றின் மருத்துவப் படிவத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதி, மரணத்துக்கு இட்டுச்சென்ற சங்கிலி: எது எதனால் நேர்ந்தது, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது எது. இரண்டாம் பகுதி, துணைநின்ற பிற நோய்கள். நீரிழிவு, ஆஸ்துமா, இதய நோய், புற்றுநோய் போன்றவை கோவிட் மரணத்தின் அடிப்படைக் காரணமாகக் கொள்ளத்தக்கவை அல்ல என்று அந்த வழிகாட்டி ஐயத்துக்கிடமின்றிச் சொல்கிறது. அவற்றின் இடம் இரண்டாம் பகுதி. நாங்கள் ஏற்கெனவே நோயாளிகள் என்று தள்ளிவிட்ட அத்தனை பேரையும் கொன்றது கோவிட்தான் என்று மருத்துவத் துறையே, தொற்று தொடங்கிய மூன்றாம் மாதத்தில், எழுதிவைத்திருக்கிறது. அதைக் காதில் வாங்காதவர்கள் நாம்.

காதில் வாங்காததற்கு விலை கொடுத்தவர்கள் வேறு. சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்றும் ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்றும் எழுதி வாங்கிக்கொண்டு வந்த குடும்பங்கள், அந்த ஒரு சொல்லின் பொருட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்ந்தது. உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று, கோவிட் மரணங்களுக்கு நிவாரணம் வழங்க விதிமுறை வகுக்கும்படியும் சான்றிதழ் பெறுவதை எளிதாக்கும்படியும் உத்தரவிட்டது. சோதனையில் உறுதியான நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் இறந்தால், மருத்துவமனைக்கு வெளியே இறந்தாலும், கோவிட் மரணமாகவே கொள்ளப்படும் என்று செப்டம்பரில் விதி வந்தது. குடும்பத்துக்கு 50,000 ரூபாய். சான்றிதழில் கோவிட் என்ற சொல் இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி அதை மறுக்கக்கூடாது என்று அக்டோபர் 4 அன்று நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 2022 ஜனவரியில் அந்த நீதிமன்றத்தின் முன் வந்த கணக்கின்படி, குஜராத்தில் அரசு அறிவித்திருந்த மரணங்கள் பத்தாயிரம் சொச்சம். நிவாரணம் கேட்டு வந்த விண்ணப்பங்கள் 89 ஆயிரத்துக்கும் மேல். அரசே ஏற்றுக்கொண்டவை 68 ஆயிரத்துக்கும் மேல்.

அடுத்த கூட்டத்தில் நண்பர்கள் அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்லும்போது நான் கேட்கப்போவது இவ்வளவுதான்: அந்த மாலை அறிக்கைகளில் ஏதேனும் ஒரு நாளுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். நோய்களின் பெயர்களை மறைத்துக்கொண்டு, மீதியை வாசியுங்கள். காய்ச்சல் எத்தனை நாள். மூச்சுத்திணறல் எத்தனை நாள். எந்தத் தேதியில் சேர்ந்தார். எந்தத் தேதியில் போனார்.